அம்மா கேட்ட நாலாவது சரணம்

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்பதற்குள் அப்பா புத்தகத்தை மூடிவிட்டார்.

"மூடாதீங்க," என்றாள் அம்மா, முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே. "சிரிச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டா எப்படி? திரும்பச் சொல்லுங்க. அந்தப் பொண்ணை என்னான்னு கூப்பிட்டான்?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "நங்கையே," என்றார், தொண்டைக்குள்ளேயே.

அம்மா மறுபடி சிரித்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த சரோஜா, அம்மாவுக்கு அடுத்த கட்டில்காரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்: "நங்கநல்லூரு பொண்ணா சார்?"

காசநோய் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. அதைச் சுற்றிச் சிமென்ட் பெஞ்சுகள். நடக்க முடிந்த நோயாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து, பார்க்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். பினாயில் வாடையும் வேப்பம்பூ வாசனையும் கலந்து வரும். நான் மட்டும் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். அது அம்மாவின் கட்டளை. "கிட்ட வராத, கிரேஸ்" என்று சொல்லும்போதே கையை நீட்டி, நான் உட்கார வேண்டிய இடத்தையும் காட்டிவிடுவாள்.

இந்தத் தொடரில் இதுவரை அப்பா வந்த இடங்களில் எல்லாம் அவரைக் கண்டிப்பானவராகவே எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த வேப்பமரத்தடியில், வேற்றுப் பெண்கள் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு ஆங்கிலக் காதல் கவிதையைத் தன் மனைவிக்குத் தமிழில் சொல்ல முடியாமல் தவித்த அப்பாவும் அதே மனிதர்தான். அவரைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வாரம் ஆகியிருக்கிறது.

ஞானப்பாட்டு என்று நினைத்தது

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையிலிருந்து நாலைந்து தெரு தள்ளி. அப்பா ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஞானமுத்து சார் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியும். பள்ளிக்கூட நேரம் போக, வீட்டு வராந்தாவில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு மாணவர்களுக்கு டியூஷன் எடுப்பார். சுவரில் ஒரு கரும்பலகை. எதிரே பனம்பாயில் பிள்ளைகள். தலைக்கு மேலே அடிக்கடி விமானப்படைப் பயிற்சி விமானம் தாழப் பறந்து போகும். அப்பா பாதி வரியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். சத்தம் அடங்கியதும், விட்ட அசையிலிருந்தே தொடங்குவார்.

கரும்பலகை மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை.

அம்மா எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகைகளில் ஒரு தொடர்கதையையும் விடமாட்டாள். கதாநாயகிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது. ஆனால் ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலத்தின் சத்தம் மட்டும் தெரியும். சுவரின் வழியாக அதை ஆண்டுக்கணக்கில் கேட்டிருந்தாள்.

ஒரு மார்கழியில் ஆரம்பித்த இருமல் மாசி வந்தும் போகவில்லை. பிறகு சளியில் ரத்தம். எக்ஸ்ரே. பிறகு ஆஸ்பத்திரி.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "சானடோரியத்துல இருக்காங்க" என்றால் போதும். ஒரு ரயில்வே ஸ்டேஷனின் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டிருந்தது. ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷன் வந்தால் சிலர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஆலயத்துப் பெண்கள் வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். டியூஷன் பிள்ளைகளில் பாதிப் பேர் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். அப்பா யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். முடிச்சூரிலிருந்து கூடையில் கொண்டுவரும் ஒரு அம்மாளிடம் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, அவித்து எடுத்துப்போவேன். அப்பா, "சாப்பிடறியா?" என்பார். அம்மா, "சாப்பிடறேன்" என்பாள். "ஊசி போட்டாங்களா?" "போட்டாங்க." அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வீட்டில் இருந்தபோது பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை போலிருக்கிறது. மணி அடிக்கும்வரை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா கேட்டாள்.

"ஏங்க, டியூஷன்ல ஒரு பாட்டு சொல்வீங்களே. ஒவ்வொரு சரணம் முடியறப்பவும் குரலை இறக்குவீங்களே, அது. இங்க படுத்துக்கிட்டு இருக்கறப்ப அதுதான் மனசுல ஓடுது. அதுல என்ன இருக்கு?"

அப்பாவுக்கு எந்தப் பாட்டு என்று உடனே தெரிந்துவிட்டது. "அது... ஒருத்தன் ஒரு பொண்ணுகிட்ட பேசற மாதிரி," என்றார்.

"என்ன பேசறான்?"

"லவ் போயம்."

அம்மா அவரையே பார்த்தாள். "இத்தனை வருஷமா லவ் பாட்டா சொல்லிக்கிட்டு இருந்தீங்க? நான் இங்கிலீஷ் ஞானப்பாட்டுன்னு இல்ல நினைச்சேன்! கிரேஸுக்கு அம்மை போட்டப்ப அந்த ராகத்தை முனகிக்கிட்டே ஜெபம் பண்ணினேனே!"

சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆண்டவரு ஏத்துக்கினாரு பாரு அக்கா. பொண்ணு நல்லாத்தானே கீது!"

காதல் என்ற சொல் இல்லாத காதல்

அந்தக் கவிதையின் பெயரையும் கவிஞரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் படித்துவிடுவீர்கள். நான் சொல்ல வருவது புத்தகத்தில் இருந்ததை அல்ல.

ஒரு மனிதன் விடியற்காலையில் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறான். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். வாசலில் அவன் விரும்பும் பெண் நிற்கிறாள். போவதற்கு முன் அவளிடம் பேசுகிறான். அவ்வளவுதான் கதை. நாலு சரணம்.

இதை நடத்தும்போது அப்பா வேறு ஆளாகிவிடுவார். "இதுல லவ்ங்கற வார்த்தை எங்கேயாவது இருக்கா, தேடுங்க," என்பார். பிள்ளைகள் தேடுவார்கள். இருக்காது. "அழகுன்னு இருக்கா? நிலான்னு இருக்கா? ஒண்ணும் கிடையாது. அவ கையில மாவு ஒட்டியிருக்குன்னு சொல்றான். கதவைத் தாழ் போடாதேன்னு சொல்றான். இவ்வளவுதான். ஆனா படிச்சு முடிச்சா நமக்கு என்னமோ ஆகுது. ஏன்?"

ஏன் என்பதற்கு அவரே பதில் சொல்வார். எல்லாம் வீட்டில் புழங்கும் சின்னச் சொற்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நீளமான சொல் ஒன்றே ஒன்று, மலையைச் சொல்லுமிடத்தில். அதைச் சொல்லும்போது வாய் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சரணமும் ஒரே வரியில் முடியும். கதவைத் தாழ் போடாதே, நான் வரும்வரை. முதல் சரணத்தில் அவன் பொழுது சாய வந்துவிடுவதாகச் சொல்கிறான். இரண்டாவதில் பனி உருகும்போது. மூன்றாவதில் ஆப்பிள் மரம் பூக்கும்போது. நாள் தள்ளிக்கொண்டே போகிறது. அவன் குரல் மட்டும் மாறவில்லை.

நாலாவதில் அந்த வரியில் ஒரே ஒரு சொல் மாறும். அப்பா கரும்பலகையில் அந்தச் சொல்லுக்கு அடியில் சாக்பீஸ் உடையும்படி கோடு போடுவார்.

வாரம் ஒரு சரணம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா புத்தகத்தோடு போனார். 'நங்கையே' என்று ஆரம்பித்து, நான் மேலே சொன்ன சிரிப்பில் மாட்டிக்கொண்டார். அடுத்து 'கண்மணியே' என்று பார்த்தார்.

"சினிமாக்காரன் மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

"பிரியமானவளே."

"போதகர் ஐயா பிரசங்கம் மாதிரி இருக்கு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எப்படித்தான் கூப்பிடறது?"

"உங்க பாட்டுல எப்படிக் கூப்பிடறான்?"

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லிக் கூப்பிடலை," என்றார் மெதுவாக. "நீன்னுதான் சொல்றான்."

"அப்ப நீங்களும் அப்படியே சொல்லுங்க. வீட்ல பேசற மாதிரி."

வீட்டில் பேசுகிற மாதிரி! வெளியில் ஆங்கிலம், ஆலயத்தில் ஆலயத்துத் தமிழ். வீட்டில் அவர் பேசியதே குறைவு. அவருக்கு அது எளிதாக இல்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டு, பரிட்சைக்குப் பயந்த பையனைப் போலச் சொன்னார்:

"சாயந்திரம் வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் கதவைத் தாழ் போடாத."

வார்டு வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காதோரம் சிவந்திருந்தது. காய்ச்சலால் என்று நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து வாரம் ஒரு சரணம். ஒவ்வொரு வாரமும் மரத்தடியில் கூட்டம் கொஞ்சம் கூடியது. தொடர்கதைக்குக் காத்திருப்பது போல அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். சரோஜா மற்றவர்களுக்கு முன்கதை சொல்வாள். அவளுடைய வீட்டுக்காரர் சைதாப்பேட்டையில் ரிக்‌ஷா ஓட்டினார். முதலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தவர், பிறகு வருவதே இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். கவிதையில் வரும் ஆளைப் பற்றித்தான் பேசுவாள். "அந்தாளு மலை தாண்டி இன்னாத்துக்குப் போறான் சார்? இங்க வேலையே இல்லியா?"

இரண்டாவது சரணத்தில் பெரிய சண்டை நடந்தது. அந்தப் பெண்ணின் கையில் ரொட்டி மாவு ஒட்டியிருக்கிறது என்று அப்பா சொன்னார்.

"ரொட்டி மாவு மனசுல நிக்கல," என்றாள் அம்மா. "இட்லி மாவுன்னு வைங்களேன்."

"ரஞ்சிதம், அவங்க இட்லி சாப்பிடற ஜனம் இல்ல."

"சரி, வெறும் மாவுன்னு சொல்லுங்க. எந்த மாவுன்னு நாங்க நினைச்சுக்கறோம்."

அப்பா யோசித்தார். பிறகு பென்சிலை எடுத்து, புத்தகத்தின் ஓரத்தில் 'மாவு' என்று மட்டும் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மூலத்துலயும் வெறும் மாவுதான், கிரேஸ். ரொட்டி நானாப் போட்டது."

பனிதான் அவரைப் படுத்தியது. உருகும் பனியைப் பார்க்காத ஊர். எங்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் ஏரிப்பக்கம் புகை போல நிற்பது. "உருகறதுன்னா எப்படி சார்? ஐஸ் மாதிரியா?" என்று சரோஜா கேட்டாள். அப்பா அந்த ஊரின் குளிரைப் பற்றிச் சொன்னார். தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். யாரும் வெளியே போக முடியாது. எப்போது உருகும் என்று ஜன்னலிலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அது எங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் வராந்தாவிலிருந்து ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரங்களில் அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றம் இருந்தது. தோசைக் கல்லுக்கு முன்னால் நான் நிற்கும்போது பின்னால் வந்து, "பூக்கும்போதா, பூக்கறப்பவா? அம்மா எப்படிச் சொல்வா?" என்று கேட்பார். அம்மா எப்படிச் சொல்வாள் என்று அதற்கு முன் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

மூன்றோடு நிறுத்தியது

மூன்றாவது சரணம் நடந்த வாரத்தில் டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மருந்து எதிர்பார்த்தபடி கேட்கவில்லை. இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. ஆபத்தும் உண்டு. எதையும் மறைக்காமல் சொன்னார். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவர் வருவதற்குள் அம்மா தானே சம்மதம் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். "எத்தனை நாளைக்கு இவளைத் தூரமா உக்கார வச்சுக்கிட்டே பாக்கறது?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆப்பிள் மரத்தைப் பற்றிச் சொன்னார். அது பூக்கும்போது வந்துவிடுவேன் என்று அந்த ஆள் சொல்வதைச் சொன்னார். நான் வர்ற வரைக்கும் கதவைத் தாழ் போடாத.

"இவ்வளவுதான்," என்று புத்தகத்தை மூடினார். "முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" என்றாள் சரோஜா. "அப்ப அந்தாளு வந்தானா இல்லியா?"

"அதைக் கவிஞர் சொல்லலை."

"இன்னா சார் இது, பேஜாரா கீது!"

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"நாலு இருக்கு," என்றாள்.

"எது?"

"சரணம். நாலு. மூணு தடவை ஒரே மாதிரிதான் குரலை இறக்குவீங்க. நாலாவது தடவை, இறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிப்பீங்க. அந்த நேரத்துல நான் குழம்பைக் கிளற மாட்டேன், சத்தம் வருமேன்னு."

அப்பா மூடிய புத்தகத்தைப் பார்த்தார்.

"எனக்கு அர்த்தம்தான் தெரியாது. பாட்டு தெரியும்."

பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. "அடுத்த வாரம் சொல்றேன்," என்றார் அப்பா.

"அடுத்த வாரம் கண்டிப்பா சொல்லணும். அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை காலையில என்னை ஆபரேஷன் வார்டுக்கு மாத்தறாங்க."

அன்று அப்பா சைக்கிளில் ஏறவே இல்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகும்வரை நின்றோம். ரயில் போனதும், கேட் திறந்த பிறகும், அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்தைதான் மாறுது, கிரேஸ்," என்றார். "அதுக்காகத்தான் வருஷா வருஷம் அந்தக் கவிதையை நடத்தறேன்."

கதவு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. மழை வரும் என்று மற்ற பெண்கள் வெளியே வரவில்லை. அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் சரோஜா. நான் என் இடத்தில்.

அப்பா புத்தகம் கொண்டுவரவில்லை.

"நாலாவதுல மலை இல்ல," என்று ஆரம்பித்தார். "பனி இல்ல, மரம் இல்ல. எப்ப வர்றேன்னு சொல்லவும் இல்ல. வீடும் கதவும்தான். கதவைத் தாழ் போடாத..." நிறுத்தினார். மறுபடி, "கதவைத் தாழ் போடாத..." அதற்கு மேல் போக முடியவில்லை.

அம்மா காத்திருந்தாள்.

"இங்கிலீஷ்ல கதவைப் பத்தி முதல்ல சொல்லிடுவான்," என்று அப்பா வகுப்பில் விளக்கும் குரலில் சொன்னார். அந்தக் குரல் அவருக்கு ஒரு பிடிமானம். "கடைசியாத்தான் அந்த விஷயத்தைச் சொல்வான். நம்ம பேச்சுல அதை முதல்லயே சொல்ல வேண்டியிருக்கு. அதான் எனக்கு வரலை."

"எதை முதல்ல சொல்லணும்?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வராட்டியும்."

"ஐயோ," என்றாள் சரோஜா.

ஸ்டேஷனில் ஏதோ வண்டி வந்து நின்று புறப்பட்டது. அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, புதிதாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சரிபார்ப்பவளைப் போல, "முழுசா நான் சொல்றேன், சரியா பாருங்க," என்றாள்.

"நான் வராட்டியும், கதவைத் தாழ் போடாதீங்க."

அப்பாவுக்கு ஆசிரியர் புத்தி. "போடாதீங்க இல்ல, ரஞ்சிதம். அவன் அந்தப் பொண்ணை நீன்னுதானே..." என்று திருத்த ஆரம்பித்தார்.

"நான் சொன்னா அப்படித்தான் வரும்," என்றாள் அம்மா.

அப்பா பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. அம்மா தன் போர்வையின் நுனியை நீட்டினாள். பிறகு அது நோயாளியின் போர்வை என்று நினைவு வந்து கையைப் பின்னுக்கு இழுத்தாள். அப்பா அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டு வராததுல போய் முடியுது," என்றாள் அம்மா. "நம்ம பேச்சுல கதவுல முடியுது. இதுதான் நல்லாருக்கு."

நான் எழுந்து ஓடிப்போய் அவள் மடியில் விழ வேண்டும் போல இருந்தது. எழுந்தேன்கூட. அம்மா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி இடத்தைக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டேன். தூறல் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. அந்த வார்டுக்குள் அப்பாவை மட்டும், அதுவும் சிறிது நேரம் மட்டும், விட்டார்கள். நான் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நான் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இடம் காட்ட ஆளில்லை.

அந்த வாரத்திலேயே அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, சாயங்காலம் அப்பா கிணற்றடியில் நின்று வெகுநேரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, நான் போட்டு வைத்திருந்த ரசஞ்சோற்றைச் சாப்பிட்டார். "உப்பு இல்ல" என்று சொல்லவில்லை. உப்பு போட மறந்திருந்தேன் என்பது நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஜூன் மாதம் பி.யூ.சி. பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். முறைப்படி அந்தக் கவிதையின் பக்கம் வந்தது. அப்பா இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். "சார், இது?" என்று ஒரு பையன் கேட்டான். "பரிட்சைக்கு வராது," என்றார். வராத வருஷமே கிடையாது என்பது சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியும்.

இதைவிட எனக்குப் பயமாக இருந்தது அவருடைய தூக்கமின்மை. கண்கள் குழிந்து, பள்ளிக்கூடத்தில் நாற்காலியிலேயே தலை தொங்கிப் போகிறார் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் காபி டம்ளரை வாங்கும்போது, யாரையோ கேட்பவரைப் போலக் கேட்டார்: "அன்னிக்கு அவகிட்ட அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? ஆபரேஷனுக்குப் போறவளுக்குத் தைரியம் முக்கியம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் போய் வராட்டியும்னு சொன்னேனே."

"அம்மாதானேப்பா கேட்டாங்க," என்றேன்.

"கேட்டா? மூணுதான்னு சாதிச்சிருக்கணும்," என்றார்.

நான் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். பதினாறு வயது எனக்கு.

சரோஜா வந்த மத்தியானம்

அம்மாவை ஆபரேஷன் வார்டுக்கு மாற்றிய அதே காலையில் சரோஜாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் அவளுக்கு எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், தெருவில் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆள் சதை பிடித்திருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

வராந்தாவில் அப்பா இருந்தார்.

"சார், ஞாபகம் கீதா? அக்கா இல்லியா?"

"இல்லம்மா," என்றார் அப்பா.

"கடைக்குப் போய்க்கீறாங்களா? நான் குந்திக்கினு இருக்கேன், பரவால்ல."

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டு மொழி தெரிந்த மனிதர். நான் உள்ளேயிருந்து வந்து, "அம்மா இறந்துட்டாங்க அக்கா," என்று சொன்னேன். அதுவரை அந்தச் சொல்லை நானும் வாயால் சொன்னதில்லை.

சரோஜா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்று வந்த எங்கள் உறவுக்காரர்கள் யாரும் அப்படி அழவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் தன்னைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போய்விட்டார். இப்போது வியாசர்பாடியில் அக்கா வீட்டில் இருக்கிறாள், பூ கட்டி விற்கிறாள். "அக்கா கையில முதல் மொழம் பூ குடுக்கணும்னு நெனச்சேன் சார். மறந்துட்டு பழம் வாங்கியாந்துட்டேன் பாரு," என்று மறுபடி அழுதாள்.

அப்பா எழுந்து, அவளுக்குப் பக்கத்தில், அதே படியில் வந்து உட்கார்ந்தார். அவர் யார் பக்கத்திலும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சரோஜா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் வந்துட்டுப் போன பிறகு, ராத்திரி நீதானே பக்கத்துல இருந்தே. அவ பயந்தாளா?"

"யாரு, அக்காவா?"

"நான் சொன்னதைக் கேட்டு. அந்தக் கடைசிப் பாட்டை."

சரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ஆறுதலுக்காக எதையாவது சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பயப்படல சார். சோறு துன்னாங்க. முட்டைய எனக்குக் குடுத்துட்டாங்க. அப்பால தலை பின்னிவுட சொன்னாங்க, பின்னிவுட்டேன். சார் நல்லா சொன்னாரு இல்லன்னு கேட்டாங்க. அப்பால படுத்துட்டாங்க. நல்லா தூங்கினாங்க சார். எனக்குத்தான் தூக்கமே வர்ல. அவங்க கொறட்டை வேற."

"குறட்டை விட்டாளா?"

"வார்டுக்கே கேட்டுச்சு சார்."

"விடுவா," என்றார் அப்பா. "நல்லா தூங்கினாத்தான் விடுவா."

அவர் முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சரோஜாவுக்கும் தெரியவில்லை போல. அவள் அவர் முதுகில் கையை வைத்தாள். அப்பா நகர்ந்துகொள்ளவில்லை.

அவள் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி ரயிலுக்குப் புறப்பட்டுப் போனாள். பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. வியாசர்பாடியில் எந்தத் தெரு என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

நான் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது, அப்பா வராந்தாவில் டியூஷன் பாயிலேயே சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விமானம் ஒன்று கூரையை உரசுவது போலப் பறந்து போனது. அவர் அசையவில்லை.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். உதட்டில் விரலை வைத்துக் காட்டி, நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.